மினி எக்ஸ்கவேட்டருக்கும் ஸ்கிட் ஸ்டீருக்கும் கேபின் ஹீட்டர்: வாங்கும் முன் ஒரு வழிகாட்டி

ஒன்டாரியோவில் சொந்தமாக ஒரு சின்ன மெஷின் வாங்கி, கோடையில் குழி தோண்டவும் குளிர்காலத்தில் பனி அள்ளவும் இறங்குகிறவர்கள் முதல் டிசம்பரிலேயே திணறும் இடம் கேபின் ஹீட்டர். பெட்டியில் 40,000 பி.டி.யு (சூட்டை அளக்கும் அலகு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நம்பி வாங்கிப் பொருத்திய பிறகும் கால் விறைக்கும், முன்கண்ணாடியில் ஆவி படியும். பெரும்பாலும் குற்றம் ஹீட்டர் மேல் இருக்காது. கேபினில் எவ்வளவு சந்து இருக்கிறது, இன்ஜின் எவ்வளவு சூட்டை விட்டுக்கொடுக்கிறது, ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர் தருகிறது ஆகிய மூன்றும் தெரிந்த பிறகுதான் ஹீட்டரைத் தேட வேண்டும்.

இங்கே கணக்குக்கு எடுத்துக்கொண்டது 1.5 முதல் 5 டன் வரையுள்ள மினி எக்ஸ்கவேட்டர், அந்த அளவுக்கு ஒத்த ஸ்கிட் ஸ்டீர் (முன்னால் தூக்கும் கையுள்ள சிறு லோடர்), 12 வோல்ட் மின்சாரம், வெளியே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். நான்கு தூணும் கூரையும் மட்டும் உள்ள மெஷின் என்றால் ஹீட்டருக்கு முன்னால் சுற்றிலும் மூட வழி பாருங்கள். துணி போன்ற வினைல் உறைகள் கிடைக்கின்றன. ஆனால் கடுங்குளிரில் வினைல் விறைத்து மடிப்பில் கிழியும், ஜிப் உறையும். ஒரு சீசனைத் தாண்டினால் லாபம்.

1. மெஷினின் காகிதங்களை முதலில் எடுங்கள்

சீரியல் எண் பதித்த தகட்டை மொபைலில் படம் எடுங்கள். அதே மாடலில்கூட வருடத்துக்கு வருடம் இன்ஜினும் ஹோஸ் வழியும் மாறும், மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கிய கிட் பல நேரம் பொருந்தாது. அந்த எண்ணை டீலரிடம் கொடுத்து இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்:

அ. தொழிற்சாலை ஹீட்டர் கிட் இந்த சீரியலுக்கு உண்டா? கேபினில் அதற்கான துளை, வயர் சாக்கெட், தாங்கி ஏற்கெனவே இருக்கின்றனவா? பல மெஷின்களில் வயர் இருக்கும், ஹீட்டர் மட்டும் இருக்காது. அப்படியென்றால் வேலை பாதியாகக் குறையும்.

ஆ. இன்ஜின் கூலன்ட்டால் (இன்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விப்புத் திரவம்) குளிர்வதா, வேறு முறையா? பழைய டொய்ட்ஸ் 1011 வகை இன்ஜின் எண்ணெயால் குளிர்வது. அதில் சாதாரண ஹீட்டர் கோரை (சூடான திரவம் ஓடும் சின்ன ரேடியேட்டர்) மாட்டக் கூடாது. எண்ணெய் அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ற கோரும் ஹோஸும் வேண்டும்.

இ. ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர்? தெர்மோஸ்டாட் (சூடான பிறகே கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) எந்தச் சூட்டில் திறக்கும்?

ஈ. கேபின் சட்டகத்தில் எங்கே துளை போடலாம், எங்கே கூடாது? மெஷின் கவிழும்போது உயிர் காக்கும் சட்டகம் அது. ஸ்கிட் ஸ்டீர் என்றால் ஐ.எஸ்.ஓ 3471, மினி எக்ஸ்கவேட்டர் என்றால் ஐ.எஸ்.ஓ 12117 தரப்படி சோதித்திருப்பார்கள். தூணில் ஒரு துளை போட்டாலோ வெல்டிங் வைத்தாலோ அந்தச் சான்று செல்லாமல் போகும். தகடும் கண்ணாடிச் சட்டமும் வேறு, தூண் வேறு. சந்தேகம் இருந்தால் துளை வேண்டாம், ஏற்கெனவே உள்ள போல்ட்டில் தாங்கியை மாட்டுங்கள்.

மெஷின் இன்னும் கடன் அல்லது லீஸில் இருந்தால், மாற்றம் செய்யச் சம்மதம் என்று நிதி நிறுவனத்திடம் ஒரு மின்னஞ்சல் வாங்கி வையுங்கள். வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் டீலரிடமும் அப்படியே. டீசலில் எரியும் ஹீட்டர் வைக்கப் போகிறீர்கள் என்றால் காப்பீட்டு முகவருக்குத் தெரியப்படுத்துங்கள். தீ விபத்துக்குப் பிறகு வரும் முதல் கேள்வியே, கூட்டி மாட்டிய பொருள் என்னென்ன என்பதுதான்.

2. சந்துகளை அடையுங்கள்

இருப்பதிலேயே மலிவான வேலை இது, எல்லோரும் தாண்டிப் போவதும் இதுதான். இரவில் கேபினுக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் குளிர் நுழையும் இடம்.

பெரிய ஓட்டைகள் கால் பக்கத்தில்தான் இருக்கும்: பெடல் சந்து, லிவர் அடியில் கிழிந்த ரப்பர் உறை, ஹைட்ராலிக் ஹோஸ்களும் வயர்க் கொத்தும் தரைத்தகட்டைத் துளைத்து வரும் இடம். ஸ்கிட் ஸ்டீரில் இருக்கைக்குப் பின்னால் இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள மூடி சரியாக உட்காரவில்லை என்றால் குளிரோடு புகையும் தூசியும் சேர்ந்து வரும்.

கதவு பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை) நசுங்கிப் போயிருந்தால் மாற்றுங்கள், ஈ.பி.டி.எம் ரப்பர் குளிரில் விறைக்காது. சோதனை எளிது. ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள், பிடிப்பில்லாமல் வந்தால் அந்த இடத்தில் பீடிங் வேலை செய்யவில்லை. கூரைக்கும் தரைக்கும் 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள, தண்ணீர் உறிஞ்சாத மூடிய துளை ஃபோம் ஒட்டலாம். வாங்கும்போது ஐ.எஸ்.ஓ 3795 தீச்சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். வீட்டுக்கு அடிக்கும் ஸ்ப்ரே ஃபோமை மட்டும் கேபினுக்குள் அடிக்காதீர்கள். அது எளிதில் தீப்பிடிக்கும், அடுத்த முறை ஹோஸ் மாற்ற வரும் மெக்கானிக் அதைச் சுரண்டியதற்கே ஒரு மணி நேரக் கூலி எழுதுவார்.

3. எவ்வளவு சூடு தேவை: ஒரு தோராயக் கணக்கு

மினி எக்ஸ்கவேட்டர் கேபின் ஏறக்குறைய 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.6 மீட்டர் உயரம். ஆறு பக்கமும் சேர்த்து சுமார் 8 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடியும் வெறும் தகடும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டரில் 5 முதல் 6 வாட் வரை இழக்கும். உள்ளே பிளஸ் 15, வெளியே மைனஸ் 20 என்றால் வித்தியாசம் 35 டிகிரி. பெருக்கினால் சுமார் 1,600 வாட்.

இது சுவர் வழியே போவது. சந்து வழியே நுழையும் காற்றையும் சூடாக்க வேண்டும். மணிக்கு 50 கன மீட்டர் குளிர்காற்று புகுந்தால் அதற்கு இன்னும் 600 வாட். பீடிங் போன கேபினில் இது 100, 150 கன மீட்டர் என்று ஏறி, சுவர் வழி இழப்பையே தாண்டிவிடும். சந்தை முதலில் அடைக்கச் சொன்னது இதனால்தான்.

ஆக ஒழுங்காக அடைத்த கேபினுக்குச் சூடு குறையாமல் வைத்திருக்க 2.2 கிலோவாட். காலையில் உறைந்த கேபினைச் சீக்கிரம் சூடேற்றவும், கதவைத் திறந்து மூடவும், கண்ணாடிப் பனியை உருக்கவும் ஒன்றரை மடங்கு வைத்தால் 3.3 கிலோவாட். ஒரு கிலோவாட் என்பது மணிக்கு 3,412 பி.டி.யு, அதனால் இது சுமார் 11,000 பி.டி.யு. ஸ்கிட் ஸ்டீருக்குத் தரையும் பின்பக்கமும் அதிகம் கசியும் என்பதால் 4 முதல் 4.5 கிலோவாட், அதாவது 14,000 முதல் 15,000 பி.டி.யு என்று வையுங்கள்.

இது கேபினுக்குள் உண்மையாக வந்து சேர வேண்டிய சூடு. பெட்டியில் எழுதியிருப்பது வேறு, அதற்கு 6-ஆம் பகுதியில் வருவோம்.

4. இன்ஜினிடம் அந்தச் சூடு இருக்கிறதா?

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. அதில் கால் பங்கு அளவு கூலன்ட்டுக்குப் போகும். 2 டன் மெஷின் மும்முரமாகத் தோண்டும்போது மணிக்கு இரண்டரை லிட்டர் குடித்தால் கூலன்ட்டில் 6 கிலோவாட் கிடைக்கும், தாராளம். அதே மெஷின் சும்மா ஐடிலில் நிற்கும்போது முக்கால் லிட்டர்தான் எரிக்கும். கூலன்ட்டில் 2 கிலோவாட்டுக்கும் குறைவு, அதிலும் ஒரு பங்கு குளிர்ந்த இன்ஜின் உடம்பு வழியாகவே போய்விடும்.

40,000 பி.டி.யு என்பது 11.7 கிலோவாட். அந்த இன்ஜின் அவ்வளவை ஒருபோதும் கூலன்ட்டுக்குத் தராது. பெரிய கோரை மாட்டினால் நடப்பது இதுதான்: கூலன்ட் 50 டிகிரிக்குக் கீழே போகும், தெர்மோஸ்டாட் மூடியே கிடக்கும், இன்ஜின் குளிர்ந்தே ஓடும், புகை கூடும், டி.பி.எஃப் (புகைக் கரி வடிகட்டி) உள்ள மெஷினில் கரி சீக்கிரம் அடையும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று இங்கே நேர்மையாக யோசியுங்கள். வாகன நிறுத்துமிடத்தில் இடைவிடாமல் பனி தள்ளுவதா, அல்லது குழாய் வேலையில் பத்து நிமிடம் தோண்டி இருபது நிமிடம் காத்திருப்பதா? முதல் வகைக்குக் கூலன்ட் ஹீட்டர் போதும். இரண்டாவது வகைக்கு எவ்வளவு பெரிய கூலன்ட் ஹீட்டர் வைத்தாலும் மதியத்துக்குள் கை விறைக்கும்.

எந்த வகை வாங்கினாலும் இன்ஜினில் பிளாக் ஹீட்டர் (கிளப்பும் முன் இன்ஜினையே சூடேற்றும் மின் ஹீட்டர்) இருக்கட்டும். 120 வோல்ட் பிளக்கில் 400 முதல் 1,000 வாட் எடுக்கும். கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி முன்பு டைமரில் ஓடவிட்டால் போதும். தெர்மோஸ்டாட் திறந்தே மாட்டிக்கொண்டிருந்தால் புதிய ஹீட்டர் வாங்கிப் பயனில்லை. வேலை செய்துகொண்டிருக்கும் இன்ஜினில் மேல் ரேடியேட்டர் ஹோஸ் தொடக்கத்திலிருந்தே மெதுவாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்படுங்கள், முதலில் அதை மாற்றுங்கள்.

5. எந்த வகை?

கூலன்ட் ஹீட்டர். இன்ஜினின் சூடான கூலன்ட்டை ஒரு சிறிய கோர் வழியாகச் சுற்றவிட்டு புளோயரால் காற்று அடிப்பது. எரிபொருள் செலவு இல்லை, புகை இல்லை, பழுது குறைவு. இன்ஜின் ஓடினால்தான் சூடு வரும், அதுவும் இன்ஜின் சூடான பிறகுதான். தொடர்ந்து ஓடும் மெஷினுக்கு என் முதல் தேர்வு இதுவே.

டீசல் காற்று ஹீட்டர். டேங்கிலிருந்து சொட்டுச் சொட்டாக டீசலை எடுத்து மூடிய அறையில் எரித்து, அதன் வெளிப்புறத்தில் கேபின் காற்றை ஓட்டிச் சூடாக்கும். எரியும் காற்றும் கேபின் காற்றும் கலக்காது. இன்ஜின் ஓடாமலே சூடு வரும். வெபாஸ்டோ ஏர் டாப் 2000, எபர்ஸ்பேச்சர் ஏர்ட்ரானிக் டி2 ஆகியவை 2 கிலோவாட் அளவில் பெயர் பெற்றவை. முழு வேகத்தில் மணிக்குக் கால் லிட்டர் டீசல் குடிக்கும். நன்றாக அடைத்த மினி எக்ஸ்கவேட்டருக்கு 2 கிலோவாட் மைனஸ் 15 வரை தாங்கும், அதற்குக் கீழே கோட்டைக் கழற்ற முடியாது. ஸ்கிட் ஸ்டீருக்கு 4 கிலோவாட் வகை பாருங்கள்.

டீசல் கூலன்ட் ஹீட்டர். இது கூலன்ட்டையே சூடாக்கும். இன்ஜினும் சூடாகும், ஏற்கெனவே உள்ள கேபின் ஹீட்டரும் வேலை செய்யும். 5 கிலோவாட் அளவில் கிடைக்கும். காலை ஐந்து மணிக்கு பிளக் இல்லாத தளத்தில் மெஷினைக் கிளப்புகிறவர்களுக்கு ஏற்றது. விலையும் பொருத்தும் வேலையும் அதிகம்.

12 வோல்ட் மின் ஹீட்டர். 150, 300 வாட் என்று விற்பார்கள். 300 வாட்டுக்கே 25 ஆம்பியர் வேண்டும், அது தரும் சூடு 1,000 பி.டி.யு சொச்சம். கண்ணாடியில் ஒரு கையகல இடத்தைத் தெளிவாக்கும், அவ்வளவே. கேபினைச் சூடாக்க இதை வாங்காதீர்கள்.

மாட்டவே கூடாதது புரோப்பேன் அடுப்பு வகை. சிலிண்டரோடு கேபினுக்குள் வைத்து எரிப்பது கார்பன் மோனாக்சைடையும் ஈரத்தையும் நேரே மூச்சில் கலக்கும்.

6. பெட்டியில் உள்ள எண்ணைப் படிக்கும் விதம்

கூலன்ட் ஹீட்டரின் பி.டி.யு எந்த நிலையில் அளந்தது என்று விவரத்தாளில் தேடுங்கள். கூலன்ட்டுக்கும் உள்ளே இழுக்கும் காற்றுக்கும் 83 டிகிரி செல்சியஸ் (அமெரிக்கத் தாளில் 150 ஃபாரன்ஹீட்) வித்தியாசம் வைத்து அளந்திருந்தால், உங்கள் கேபினில் அது கிடைக்காது. 75 டிகிரி கூலன்ட், 15 டிகிரி கேபின் காற்று என்றால் வித்தியாசம் 60 தான். சூடு அதே விகிதத்தில் குறையும், 72 சதவீதம். ஐடிலில் தண்ணீர் பம்ப் மெதுவாகத் தள்ளும்போது இன்னும் இறங்கும். எனவே எழுதியதில் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மினி எக்ஸ்கவேட்டருக்குத் தேவை 11,000 என்றால் பெட்டியில் 18,000 முதல் 20,000, ஸ்கிட் ஸ்டீருக்கு 24,000 முதல் 28,000. அதற்கு மேல் கொடுக்கும் பணம் வீண்.

அளந்த நிலையைச் சொல்லாத விவரத்தாளை நம்ப வேண்டாம். காற்றோட்டத்தையும் பாருங்கள், குழாய்களை மாட்டிய பிறகு நிமிடத்துக்கு 100 கன அடிக்கு மேல் வர வேண்டும். பெட்டியில் இருப்பது குழாய் இல்லாமல் அளந்த எண்.

மலிவான டீசல் ஹீட்டர்களில் 5 கிலோவாட், 8 கிலோவாட் என்று எழுதியிருந்தால் எரிபொருள் கணக்கைப் பாருங்கள். 80 சதவீதத் திறனில் 8 கிலோவாட் வர மணிக்கு 1 லிட்டர் எரிய வேண்டும். விவரத்தாளில் அதிகபட்சம் அரை லிட்டர் என்று இருந்தால் அது 4 கிலோவாட் ஹீட்டர். ஐரோப்பிய ஆர்122 ஒப்புதல் எண் உடம்பில் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது வாகன ஹீட்டர்களுக்கான விதி. எண் இல்லாத பொருளின் புகைக்குழாய் இணைப்பும் எரியறையும் யாராலும் சோதிக்கப்பட்டவை என்று சொல்ல முடியாது. அதில் நூறு டாலர் மிச்சம் பிடிப்பதை நான் ஒப்பமாட்டேன்.

7. மின்சாரக் கணக்கு

சின்ன மெஷினில் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் 40 ஆம்பியர் சுற்றில்தான் இருக்கும், ஐடிலில் அதில் பாதியே வரலாம். ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள்: 55 வாட் ஹாலோஜன் விளக்கு நான்கு என்றால் 16 முதல் 18 ஆம்பியர், ஹீட்டர் புளோயர் 8 முதல் 12, வைப்பர் 3 அல்லது 4, சுழல் விளக்கு 2 முதல் 5, இன்ஜினின் சொந்தத் தேவை 5 முதல் 8. பனி கொட்டும் இரவில் எல்லாம் ஒன்றாக ஓடும், பேட்டரி மெதுவாக இறங்கி அடுத்த காலை கிளம்பாது. ஹாலோஜனை எல்.ஈ.டியாக மாற்றினால் 10 ஆம்பியர் மிஞ்சும். பெரிய ஆல்டர்னேட்டர் போடுவதைவிட இது பெரும்பாலும் மலிவு.

புளோயருக்குத் தனி ஃபியூஸும் ரிலேயும் வையுங்கள். ரிலே சாவி போட்டால் மட்டும் இயங்கட்டும். விளக்கு வயரில் பிரித்து எடுக்காதீர்கள். 10 ஆம்பியருக்கு மேல் 3 மீட்டர் தூரம் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள்.

டீசல் ஹீட்டர் பற்ற வைக்கும் சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், பிறகு 1 முதல் 3 ஆம்பியரோடு சரி. அணைத்த பின்னும் அதன் ஃபேன் சில நிமிடம் ஓடி எரியறையைக் குளிர்விக்க வேண்டும். ஆபரேட்டர் மெஷினை நிறுத்தியவுடன் பேட்டரி மெயின் ஸ்விட்சைத் திருப்பினால் இது பாதியில் நிற்கும். சூடு உள்ளேயே தேங்கி சென்சாரும் பர்னரும் கெடும், அடுத்த முறை பிழைக் குறியீடு வரும். அதனால் ஹீட்டருக்கான மின்சாரத்தை மெயின் ஸ்விட்சுக்கு முன்னால், பேட்டரி பக்கத்திலிருந்தே, பேட்டரிக்கு ஒட்டினாற்போல் ஒரு ஃபியூஸோடு எடுங்கள். மெஷினில் வெல்டிங் வைக்கும் நாளில் அந்த ஃபியூஸைக் கழற்றச் சொல்லி பேட்டரி மூடியில் எழுதி ஒட்டுங்கள்.

24 வோல்ட் மெஷினுக்கு 12 வோல்ட் ஹீட்டர் வாங்கிவிடாதீர்கள். பேட்டரி இரண்டு இருந்தால் உடனே 24 என்று முடிவு செய்யவும் வேண்டாம், மீட்டரால் அளந்து பாருங்கள்.

8. எங்கே வைப்பது?

அவசரக் காலத்தில் வெளியேறும் வழியை மறைக்கக் கூடாது. ஸ்கிட் ஸ்டீரில் லோடர் கை தூக்கிய நிலையில் முன்கதவு திறக்காத மாடல்கள் உண்டு, அப்போது பின்கண்ணாடிதான் வழி. அதை உதைத்துத் தள்ள இடம் இருக்கிறதா என்று ஹீட்டரை வைத்துப் பிடித்துக்கொண்டு பாருங்கள்.

இருக்கைக்கு அடியில் அல்லது பின்னால் வைப்பது வழக்கம். ஆனால் காற்று போக வேண்டிய முதல் இடம் முன்கண்ணாடி, இரண்டாவது கால். குறைந்தது இரண்டு குழாய்களைக் கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோங்கள். 2 கிலோவாட் டீசல் ஹீட்டருக்கு 60 மில்லிமீட்டர் விட்டம் வழக்கம். அதைச் சுருக்கினாலும் நெருங்கி வளைத்தாலும் ஹீட்டர் அதிகச் சூடாகித் தானே அணையும், பலர் இதைப் பழுது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறார்கள்.

கேபின் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றினால் சீக்கிரம் சூடாகும், கண்ணாடியும் சீக்கிரம் மங்கும். மூச்சிலிருந்தும் பூட்ஸில் ஒட்டி வந்து உருகும் பனியிலிருந்தும் வரும் ஈரம் எங்கும் போகாது. கொஞ்சம் வெளிக்காற்று கலக்கும் வசதியுள்ள மாடலை எடுங்கள். அதன் உறிஞ்சும் வாயில் வடிகட்டி வேண்டும், இன்ஜின் புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். தரையில் தண்ணீர் தேங்கும் ரப்பர் விரிப்பைப் போட்டுத் தினமும் கொட்டுங்கள்.

9. கூலன்ட் ஹீட்டர் பொருத்தும்போது தப்பும் இடங்கள்

சூடான கூலன்ட்டைத் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், சிலிண்டர் ஹெட் பக்கத்தில் எடுங்கள். திரும்பி வருவது தண்ணீர் பம்ப் உறிஞ்சும் பக்கத்தில் சேர வேண்டும். அப்போதுதான் தெர்மோஸ்டாட் மூடியிருந்தாலும் ஹீட்டரில் ஓட்டம் இருக்கும். ரேடியேட்டர் ஹோஸில் டீ (T வடிவ இணைப்பு) போட்டு எடுத்தால் இன்ஜின் முழுதாகச் சூடாகும்வரை குளிர்காற்றுதான் வரும்.

ஜப்பானிய இன்ஜின்களில் துளை மரை பி.டி (ஜப்பானியக் குழாய் மரை) வகை, கனடா கடையில் கிடைக்கும் நிப்பிள் என்.பி.டி (அமெரிக்கக் குழாய் மரை) வகை. அரை அங்குலத்தில் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை என்பதால் முறுக்கினால் ஏறும், ஆனால் மரைக்கோணம் ஒன்றில் 55, இன்னொன்றில் 60 டிகிரி. சூடாகிக் குளிர்ந்த பிறகு ஒழுகும். நிறைய டேப் சுற்றி இறுக்கினால் வார்ப்பே விரியும். சரியான பி.டி அடாப்டரை ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் கேளுங்கள்.

ஹோஸ் பெரும்பாலும் ஐந்தின்கீழ் எட்டு அங்குலம், எஸ்.ஏ.ஈ ஜே20 தரம். குளிரில் ரப்பர் சுருங்கும், அதனால் ஸ்பிரிங் போல் தானே இறுகும் கிளாம்ப் நல்லது. இரண்டு ஹோஸிலும் இன்ஜின் பக்கம் ஒரு பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பி அடைக்கும் வால்வு) வையுங்கள். கோடையில் மூடலாம், கோர் வெடித்தால் வேலையை நிறுத்தாமல் ஓட்டலாம். ஸ்கிட் ஸ்டீரில் கேபின் பின்னால் சாயும். ஹோஸைச் சாயும் கீலுக்குப் பக்கமாக, தொய்வு விட்டுக் கொண்டுபோங்கள், இறுக்கும் முன் ஒரு முறை கேபினை முழுதாகச் சாய்த்துப் பாருங்கள்.

ஹீட்டர் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் இருந்தால் காற்று அடைபடும். உயரமான இடத்தில் காற்று விடும் திருகு ஒன்று வையுங்கள். ஹீட்டரும் ஹோஸும் சேர்ந்து ஒன்று முதல் இரண்டு லிட்டர் அதிகம் கொள்ளும். தண்ணீரை ஊற்றி நிரப்பிவிடாதீர்கள், ஏற்கெனவே உள்ள அதே வகைக் கூலன்ட்டைச் சரிபாதி கலவையில் ஊற்றுங்கள். சரிபாதி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 37 வரை உறையாது. அதைவிடக் குளிரும் வட பகுதிக்குப் போனால் 60 சதவீதம்.

10. டீசல் காற்று ஹீட்டர் பொருத்தும்போது

டேங்கில் தனி உறிஞ்சுகுழாய் போடுங்கள், அடிமட்டத்தைத் தொடாமல். இன்ஜின் எரிபொருள் ஹோஸில் டீ போட்டால் காற்றுக்குமிழி வந்து ஹீட்டர் அணையும், சில நேரம் இன்ஜினும் அணையும். பம்ப்பை வெளியேறும் முனை மேல்நோக்கி 15 முதல் 35 டிகிரி சாய்வில் மாட்டுங்கள், படுக்க வைத்தால் குமிழி தேங்கும். டேங்கில் கோடை டீசல் மிஞ்சியிருந்தால் மெழுகு கட்டி முதலில் அடைபடுவது இந்தச் சின்னப் பம்ப்தான்.

புகைக்குழாய் கேபின் தரைக்கு அடியில் முடியக் கூடாது. ஹைட்ராலிக் ஹோஸ், வயர், உலர்ந்த எண்ணெய்க் கசிவு எதுவும் பக்கத்தில் வேண்டாம். எரிகாற்றை உறிஞ்சும் வாயும் வெளியேதான் இருக்க வேண்டும். குழிக்குள் இறங்கியோ கட்டடத்துக்குள்ளோ வேலை என்றால் ஹீட்டரை அணைத்துவிடுங்கள். டீசல் நிரப்பும்போதும் அப்படியே.

கார்பன் மோனாக்சைடு அளவியை வாங்காமல் இந்த வகையை வாங்காதீர்கள். வீட்டு அலாரம் 70 பி.பி.எம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால்தான் கத்தும், எட்டு மணி வேலைக்கு ஒப்புக்கொண்ட சராசரி வரம்போ 25. குறைந்த அளவையும் எண்ணாகக் காட்டும் கையடக்கக் கருவி 100 முதல் 200 டாலருக்குக் கிடைக்கும். இருக்கையில் அமர்ந்தால் மூக்கு வரும் உயரத்தில் மாட்டுங்கள்.

நாள் முழுதும் குறைந்த வேகத்தில் ஓட்டினால் எரியறையில் கரி படியும். தினம் அரை மணி முழு வேகத்தில் ஓட்டுங்கள். கோடையிலும் மாதம் ஒரு முறை சில நிமிடம் பற்ற வையுங்கள்.

11. செலவும் காலமும்

எல்லாம் கனடிய டாலரில், தோராயமாக, 13 சதவீத எச்.எஸ்.டி (விற்பனை வரி) சேர்க்காமல். சந்து அடைக்க 100 முதல் 200. பொதுவகைக் கூலன்ட் ஹீட்டர் 200 முதல் 500, அதோடு ஹோஸ், வால்வு, அடாப்டர், கூலன்ட் 150 முதல் 250. டீலர் கிட் 1,500 முதல் 3,000. பெயர் பெற்ற டீசல் ஹீட்டர் 1,400 முதல் 2,000. கடைக் கூலி மணிக்கு 130 முதல் 180, பொதுவகைக்கு 5 முதல் 8 மணி, முன்னேற்பாடு உள்ள மெஷினில் டீலர் கிட்டுக்கு 3 அல்லது 4 மணி. கூலியைச் சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும். பழைய மெஷினுக்குப் பொதுவகை, வாரண்டி உள்ளதற்கு டீலர் கிட் என்பது என் கருத்து. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் கூரியரின் சுங்கக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேளுங்கள்.

ஆகஸ்டில் சீரியல் எண்ணோடு விசாரித்து, செப்டம்பரில் ஆர்டர் கொடுத்து, அக்டோபரில் பொருத்திவிடுங்கள். முதல் பனி விழுந்த வாரத்தில் எல்லாக் கடையிலும் வரிசை நிற்கும். கூலி ரசீதில் பொருளின் மாடல், சீரியல், பொருத்திய தேதி, மெஷின் அதுவரை ஓடிய மணி நேரம் நான்கும் இருக்கட்டும்.

12. வாங்கி வைத்த பிறகு சோதனை

மெஷினை அரை மணி வேலை வாங்கிவிட்டு, வால்வைத் திறந்து, காற்று வெளிவரும் வாயில் வெப்பமானி வையுங்கள். 45 முதல் 60 டிகிரி வந்தால் சரி. வரவில்லை என்றால் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள், கையுறையோடு. இரண்டும் சூடு, காற்று மட்டும் குளிர் என்றால் புளோயர் திசை, அடைபட்ட வடிகட்டி அல்லது கழன்ற குழாய். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் ஓட்டம் போதவில்லை, காற்று அடைப்பு அல்லது மடங்கிய ஹோஸ். இரண்டும் குளிர் என்றால் வால்வு மூடியிருக்கிறது அல்லது இன்ஜினே சூடாகவில்லை.

பத்து மணி நேரம் ஓடிய பிறகு, மெஷின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது, கிளாம்ப்களை மறுபடி இறுக்கிக் கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். காற்று வெளியேறியதால் கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு. இரண்டாம் முறையும் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இருக்கைக்கு அடியில் இனிப்பு வாடை அடித்தாலோ கண்ணாடியில் பிசுபிசுப்பு படிந்தாலோ கோரில்தான் ஒழுக்கு, பால் வால்வுகளை மூடிவிட்டு அதைக் கழற்றுங்கள்.